படத்தின் பின்பக்கம்

பதுளை, கடைவீதி
9 ஜனவரி 1911

பிரியமுள்ள இராமையா அண்ணனுக்கு ஜாபிர் எழுதுவது.

இறைவன் கிருபையில் வாப்பா, உம்மா, என் வீட்டுக்காரி றஷீனா, நான் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நேற்று துன்ஹிந்த அருவிப் பாறையில் நீங்கள் சறுக்கி விழுந்த விதத்தை நினைத்து நினைத்துச் சிரித்ததில், இன்று காலை இரண்டு பேருக்குத் துணியைத் தப்பாக அளந்து வெட்டிவிட்டேன். ஆனால் விழுந்து எழும்பியவர் தன் காலைப் பார்க்கவில்லை. "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலியே தம்பி" என்றுதான் கேட்டீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அருவியை எடுத்த இரண்டும் பாழ். சாரல் லென்ஸில் படிந்து, அருவி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சுதான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் காலில் ஏழு அட்டை. இவ்வளவு இரத்தம் கொடுத்தும், நீங்கள் விழுந்து எழும்பி உட்கார்ந்த படம் தவிர துன்ஹிந்த நமக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் பாலத்தடியில் எடுத்ததுதான் மிக நன்றாக வந்திருக்கிறது. முக்காலியைச் சுமந்து வந்த கணபதி தாலி கட்டப்போகும் மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்கிறான். கணக்கப்பிள்ளையாகிய உங்கள் கணக்கில் கொழுந்து பறிக்கிறவள் என்பதால் உங்கள் முன்னால் அவன் பெண்சாதி வேலாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் இருக்கும் அவர்கள் மகள் பவளம்தான் படமே. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் "அம்மா, மாமாவுக்குத் தலையில்ல" என்று சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு அப்படியே விழுந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பவளம் என்று பேர் வைத்த உங்களுக்குத்தான் பாராட்டு.

இரண்டு படங்களையும் உங்கள் தோட்டத்துத் தபால்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல முகம் இருப்பதெல்லாம் உங்கள் பெட்டிக்கு, மலையும் மரமும் என் வீட்டுக்கு. நேற்றும் வாப்பா வாசலிலேயே கேட்டுவிட்டார்: "மகன், முகமுள்ள படம் ஒண்டும் ஊட்டுக்குள்ள கொண்டு வரல்லயே?" உருவப் படம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர் பிடிவாதம். கேமராவை வாங்க விட்டதே பெரிது. படம் விழுந்த கண்ணாடிகளை மட்டும் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் வைத்திருக்கிறேன். அதில் முகம் கறுப்பாகத்தானே தெரிகிறது, அதனால் அது முகமல்ல என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பின்பக்கத்தில் நாள், இடம், எத்தனையாவது மைல்கல் எல்லாம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் அன்புத் தம்பி
மு. ஜாபிர்


கதிர்காமக் கந்தன் துணை

குளவிக்கல் தோட்டம், பசறை
2 பெப்ரவரி 1911

சின்ன முதலாளி அவர்களுக்கு, இல்லை, என் தம்பி ஜாபிருக்கு இராமையா எழுதிக்கொள்வது.

நானும் இராக்கம்மாவும் நலம். முழங்கால் ஆறிவிட்டது, மானம்தான் ஆறவில்லை. நான் விழுந்த கதையை நீங்கள் தபால்காரரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட நிற்கும்போது பின்வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஒரு கணக்கப்பிள்ளைக்கு இது அழகா?

படம் வந்து சேர்ந்தது. பெட்டியில் இப்போது என் வேட்டிக்கு இடமில்லை. "ஒங்க சிநேகிதரு வீட்டுல இருக்க வேண்டிய சனமெல்லாம் நம்ம வீட்டுல இருக்கு" என்கிறாள் இராக்கம்மா. அவளையும் எடுக்கவேண்டும் என்பதைச் சொல்லத்தான் அந்தச் சுற்று.

போன வாரம் துரை மழைக்கு என் வாசலில் ஒதுங்கினார். பெட்டி திறந்திருந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பின்னால் நீங்கள் எழுதியிருக்கும் தேதியையும் மைலையும் பார்த்து, இவன் உன்னைவிட நல்ல கணக்கப்பிள்ளையாக இருப்பான் போலிருக்கிறதே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலாயி வந்து வாசலில் நின்றாள். "ஐயா, அந்தப் படம் எனக்கு ஒண்ணு கெடைக்குமாங்க. புள்ள பெரிசாயிட்டா இந்த மொகம் இருக்காதுல்லீங்க" என்றாள். இருக்கிற ஒன்றைக் கொடுத்தால் லயத்து வரிசை வீட்டுப் புகையில் ஒரே மாதத்தில் கறுத்துவிடும். சட்டம் போட்டு வைக்கிற மாதிரி இன்னொன்று போட்டு அனுப்புங்கள்.

உங்கள் அன்பான
இராமையா


பதுளை
6 மார்ச் 1911

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நேற்று எல்லவுக்குத் தனியாகப் போய்வந்தேன். மலைப்பிளவுக்கு நேரே முக்காலியை ஊன்றித் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். துணி தானாகப் பின்னால் போகிறது. இழுத்தால் அது பதிலுக்கு இழுக்கிறது. வெளியே வந்து பார்த்தால் ஒரு எருமைக்கன்று துணியின் நுனியை மென்றுகொண்டு நிற்கிறது. அதைத் துரத்தினால், கிராமத்துக்காரர் ஒருவர் என்னை நில அளவைக்காரன் என்று நினைத்துக்கொண்டு, தன் காணியைத் தொடவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுக்க வந்தேன் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் பிளவை மேகம் மூடிவிட்டது. நீங்கள் வந்திருந்தால் கன்றையாவது பிடித்திருப்பீர்கள்.

வேலாயிக்குச் சொல்லுங்கள், கொழும்பிலிருந்து படத்தாள் இன்னும் வரவில்லை. வந்ததும் முதல் தாள் பவளத்துக்குத்தான்.

ஒரு சின்ன வருத்தம் அண்ணன். மனதில் வைத்திருப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது. துரைக்குப் படங்களைக் காட்டினீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சனம் எனக்காக நின்றார்கள். துரை பார்க்கப் போகிறார் என்றால் கணபதி நின்றிருப்பானா தெரியாது. என் வீட்டில் இடமில்லாமல்தானே உங்களிடம் கொடுத்துவைக்கிறேன். இனி யாருக்காவது காட்டுவதென்றால் ஒரு சொல் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். கோபமில்லை. இராக்கம்மா அண்ணியைச் சித்திரைக்கு எடுப்போம், நல்ல புடைவை நான் கடையிலிருந்து கொண்டுவருகிறேன்.

தம்பி
ஜாபிர்


கதிர்காமக் கந்தன் துணை

குளவிக்கல் தோட்டம்
12 ஜூன் 1911

தம்பி ஜாபிருக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதும்படியான செய்தி இல்லை.

பவளம் போய்விட்டாள். காய்ச்சல் மூன்று நாள். தோட்டத்து மருந்து வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் காலை பெரட்டில் கணபதி முன்னால் வந்து, பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்று கேட்டான். "கொழுந்து முத்தி நிக்குது. ஞாயித்துக்கெழம போ" என்றார் பெரிய கங்காணி. நான் பேர்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை தம்பி.

எட்டு நாள் கழித்துக் காலையில் பேர் கூப்பிட்டபோது கணபதியும் பதில் சொல்லவில்லை, வேலாயியும் சொல்லவில்லை. ஓடிவிட்டார்கள். கையில் துண்டு கிடையாது. தோட்டத்தை விட்டுப் போக விடை கொடுக்கும் அந்தச் சீட்டு இல்லாமல் வேறெந்தத் தோட்டமும் அவர்களைச் சேர்க்காது, அகப்பட்டால் மறியல், சிறைதான். அவர்கள் என் கணக்கு ஆட்கள் என்பதால் துரையும் பெரிய கங்காணியும் என்னைத்தான் குடைகிறார்கள். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இராக்கம்மா முழுகாமல் இருக்கிறாள், ஆறாம் மாதம். சந்தோஷமாக எழுத வேண்டியதை இப்படிக் கடைசியில் எழுதுகிறேன்.

இராமையா


பதுளை
14 ஆகஸ்ட் 1911

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நோன்பு வருமுன் மாமாவின் துணிவண்டியோடு மொனராகலைப் பக்கம் போனேன். யாவாரம் மாமாவுக்கு, கேமரா எனக்கு. ஒரு பாறையின் பின்னால் யானைகள் தண்ணீர் குடிக்க வருவதாகச் சொன்னார்கள். யானை வரவில்லை. நான் ஒற்றையடிப் பாதையில் வழி தவறி காட்டை வெட்டிப் போட்ட ஒரு சோளச் சேனைக்குள் போய் நின்றேன். குடிசை வாசலில் கத்தியோடு ஒருவன் எழும்பினான். அது கணபதி.

என்னை அடையாளம் கண்டதும் கத்தியைக் கீழே போட்டான். வேலாயி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தவள், கேமராப் பெட்டியைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். ஒரு கிராமத்தவர் காடு வெட்டிச் சோளம் போட இடம் கொடுத்திருக்கிறார். மெலிந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் பேர் கூப்பிடாத காலை என்று கணபதி சொன்னபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேலாயி ஒன்றுதான் கேட்டாள், பவளத்தின் படம். படத்தாள் வரட்டும், வரட்டும் என்று நான் தாமதித்ததை நினைத்தால் என்னை நானே அடித்துக்கொள்ளலாம். தாள் ஆடியில் வந்தது. பிள்ளை இல்லாத பிறகு யாருக்குப் போடுவது என்று அந்தக் கண்ணாடியைத் தொடாமலே தாளை வேறு படங்களுக்குச் செலவழித்துவிட்டேன். உங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். "அப்படீன்னா கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத் தெரிஞ்சிருமேங்க" என்றான் கணபதி. வேலாயிதான், "தெரிஞ்சா என்ன. அவரு நம்ம புள்ளைக்குப் பேரு வச்சவரு. காட்டிக் குடுக்கவா போறாரு" என்றாள். கணபதி சரி என்று சொல்லவில்லை. நான் வேலாயி சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது இருவரையும் குடிசைமுன் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டுத் தாளில் போட்டேன்; முகமாச்சே, வழக்கம்போல உங்களுக்கே அனுப்புகிறேன். எந்த இடம் என்று கடிதத்தில் எழுதமாட்டேன், அது என்னோடு இருக்கட்டும். பவளத்தின் படத்தை மட்டும் தபால்காரரிடம் பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி
ஜாபிர்


கதிர்காமக் கந்தன் துணை

குளவிக்கல் தோட்டம்
22 ஆகஸ்ட் 1911

என் தம்பிக்கு,

கடிதத்தைப் படித்தேன். உயிரோடு இருக்கிறார்களே, அது போதும். அடுப்பில் போட்டுவிட்டேன்.

பவளத்தின் படத்தைத் தபால்காரரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மடங்கினால் என்ன செய்வது. இன்னொன்று, உங்கள் வண்டி அடிக்கடி அந்தப் பக்கம் போனால் நாலுபேர் கேட்பார்கள். நோன்பும் வருகிறது. இதை என்னிடம் விட்டுவிடுங்கள். பிள்ளைக்குப் பேர் வைத்தவன் நான், என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அன்று பெரட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு இதையாவது செய்கிறேன்.

இடம் சொல்லவில்லையே என்று யோசிக்காதீர்கள். நீங்கள் சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள்.

அன்பான
இராமையா


பதுளை
30 ஆகஸ்ட் 1911

அண்ணன்,

நோன்பு மயக்கத்தில் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சொல்லாமலே சொல்லிவிட்டேன் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே துணி மடித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். படத்தின் பின்பக்கம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மைல்கல், மருதமரம், கிழக்கே திரும்பும் பாதை, எல்லாம். கடிதத்தில் எழுதமாட்டேன் என்று அவ்வளவு பெரிதாகச் சொல்லிவிட்டு அதே உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த ஊவா மாகாணத்தில் இருப்பானா?

உங்கள் கைக்கு வந்ததால் பிழைத்தேன். வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து அந்த எழுத்தின்மேல் கட்டி மையைப் பூசி அழித்துவிடுங்கள். படத்தைப் பெட்டியின் அடியில் வையுங்கள். துரை மழைக்கு ஒதுங்கினால் பெட்டியைப் பூட்டிவிடுங்கள்.

நீங்களே போகிறேன் என்றதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

ஜாபிர்


கதிர்காமக் கந்தன் துணை

குளவிக்கல் தோட்டம்
18 செப்டெம்பர் 1911

அன்புத் தம்பிக்கு,

எழுத்தை அழித்துவிட்டேன். கவலை வேண்டாம்.

பவளத்தின் படத்தை என் கையாலேயே வேலாயியிடம் கொடுத்தேன். வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

வேறு செய்தி. துரை என்னைப் பெரிய கணக்கப்பிள்ளையாகப் போட்டிருக்கிறார். பங்களாவுக்குக் கீழே தகரக் கூரை வீடு ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள், இரண்டு அறை, ஒழுகாது. இராக்கம்மாவுக்கு அடுத்த மாதம். பிள்ளை அந்த வீட்டில் பிறக்கும். நீங்கள் பெருநாள் முடிந்து கேமராவோடு வாருங்கள். வாசலில் நிறுத்தி எங்களை எடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் பெருநாள் வாழ்த்து.

இராமையா


பதுளை
28 செப்டெம்பர் 1911

இராமையா அண்ணனுக்கு,

இன்னும் அண்ணன் என்றுதான் கை எழுதுகிறது.

நேற்றுக் காலை கடைக்கு வந்த ஒருவர், "மொனராகலைப் பக்கம் காட்டுக்குள்ள இருந்து புடிச்சாந்த புருசன் பொஞ்சாதிய இன்னைக்குக் கோட்டுல நிறுத்துறாங்களாம்" என்றார். முழக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். நீதவான் முன்னால் கணபதி நின்றான். தலையில் அடிபட்ட காயம், காய்ந்தது. வேலாயி அவன் பின்னால் நின்றாள்.

மேசையில் என் படம் இருந்தது. குடிசைமுன் அவர்களை நிறுத்தி நான் எடுத்த படம். கோட்டுக் குமாஸ்தா அதைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். மைல்கல், மருதமரம், கிழக்கே திரும்பும் பாதை. ஒரு சொல் அழியவில்லை. என் எழுத்து, என் மை. அழித்துவிட்டேன், கவலை வேண்டாம் என்று எழுதியது உங்கள் கை.

படம் எடுத்தது யார் என்று கணபதியைக் கேட்டார்கள். ஓடிப்போனவர்களுக்கு ஒத்தாசை செய்தவன் என்று என்னையும் அதே இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தில் நின்ற என்னை அவன் நேராகப் பார்த்தான். "தெரியாதுங்க. வழிப்போக்கரு ஒருத்தரு" என்றான். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே தயங்கியவன் அவன். அவன்தான் என்னைக் காப்பாற்றினான்.

அவனுக்கு ஆறு வாரம் மறியல். வேலாயியைத் தோட்டத்துக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கோட்டு விறாந்தையில் கங்காணியின் ஆள் வரும்வரை அவளோடு இருந்தேன். நீங்கள் எழுத வரவில்லை என்று விட்டதை அவள் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஆளுங்க வர்ற சத்தம் கேட்டு நாங்க சோளத்துக்குள்ள பூந்துட்டோமுங்க. பாத்தா கணக்கப்பிள்ளை ஐயா தனியா நிக்கிறாரு. படத்த ஒசரத் தூக்கிக் காட்டி, 'வேலாயி, பவளத்தக் கொண்டாந்திருக்கேன்'னு கூப்புட்டாரு. போவாதன்னு எம் புருசன் கையப் புடிச்சாருங்க. ஒதறிட்டு ஓடியாந்தேன். படத்த வாங்கி நெஞ்சுல வச்சதுக்கு அப்பறந்தான் மரத்துக்குப் பின்னால இருந்த பொலிசைப் பாத்தேனுங்க."

பிடிப்பதென்றால் சுற்றிவளைத்துப் பிடித்திருக்கலாம். ஓடியிருப்பார்கள், ஒருவேளை தப்பியிருப்பார்கள். அவள் ஓடிவருவாள் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவள் என்ன கேட்டாள் என்பதை நான்தான் உங்களுக்கு எழுதினேன். செத்த பிள்ளையின் சிரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க எப்படி மனம் வந்தது?

போகும்போது வேலாயி மடியிலிருந்து படத்தை எடுத்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டாள். "இது வேணாங்க. இதப் பாத்தா எம் புள்ள மொகம் தெரியல. அன்னைக்கு நின்னாரே, அவரு மொகந்தான் தெரியுது" என்றாள்.

தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்று ஜூன் மாதம் எழுதினீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. இது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். கோட்டில் நான் பார்த்ததையும் மறந்துவிட்டு உங்களை நம்புகிறேன்.

ஜாபிர்


கதிர்காமக் கந்தன் துணை

குளவிக்கல் தோட்டம்
9 ஒக்டோபர் 1911

தம்பி ஜாபிருக்கு,

பொய் என்று எழுத முடியவில்லை.

ஆனால் நீங்கள் பார்த்தது கோட்டை மட்டும்தான். ஆகஸ்ட் மாதம் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஓடியவர்களுக்கு வழி காட்டியவனே நான்தான் என்று பெரிய கங்காணி சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு கிழமைக்குள், பதினாலே நாளில், ஆளைக் காட்டு, இல்லாவிட்டால் புத்தகத்தை வைத்துவிட்டுக் கூடையை எடு என்றார். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போவதா? என் அப்பன் கூலிக்கு வந்தவர். நான் எழுத்துப் படித்து அந்த வரிசையிலிருந்து வெளியே வந்து நிற்க எத்தனை வருஷம் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குக் கடை இருக்கிறது, வாப்பா இருக்கிறார். எனக்குத் துரை கூப்பிடும் பேர் ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் படம் வந்தது அந்த இரண்டு கிழமைக்குள்தான். மூன்று நாள் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

பவளத்தின் படத்தைக் காட்டிக் கூப்பிட்டது நான்தான். பொலிஸ் சேனைக்குள் பாய்ந்தால் அடி விழும், கத்தி எடுப்பான், உயிர்ச்சேதம் ஆகும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் கணபதிக்கு அடி விழுந்துவிட்டது. மறியலைக் குறைக்கச் சொல்லித் துரையிடம் கேட்டேன். வேலாயிக்குக் கொழுந்து எடுக்க இலேசான மலையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த இரகசியத்தை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னார்கள். என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள்.

இராக்கம்மாவுக்கு மூன்றாம் தேதி ஆண்பிள்ளை பிறந்தது. சுகம். உங்களைத்தான் கேட்கிறாள், படம் எடுக்க ஜாபிர்த் தம்பி ஏன் இன்னும் வரவில்லை என்று. அவர்கள் பிடிபட்டது என்னால் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மனிதர்கள் பேசிக்கொண்டால் தீராதது உண்டா?

இராமையா


பதுளை, கடைவீதி
30 ஒக்டோபர் 1911

குளவிக்கல் தோட்டம் பெரிய கணக்கப்பிள்ளை இராமையா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரி. கொண்டுவந்து கொடுத்தது நான். அதை நான் மறுக்கவில்லை, யாரிடமும் மறைக்கவும் இல்லை. மறியலில் கணபதியைப் பார்க்கவிட்ட அன்று அவனிடமே சொன்னேன். "அதான் எனக்கு அன்னைக்கே தெரியுமேங்க" என்றான். அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது கேமரா எடுத்துக்கொண்டு எங்கும் போவதில்லை. றஷீனா சோறு கட்டித் தருகிறாள், மறியல் வாசலில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

உங்கள் கஷ்டத்தை நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். ஆகஸ்டிலேயே எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால், துரை நெருக்குகிறார் தம்பி, படம் அனுப்பாதே என்று எழுதியிருந்தால், அடுத்த வண்டியிலேயே போய் அவர்களை வேறிடத்துக்கு மாற்றியிருப்பேன். உங்களுக்கும் இந்த ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்திருப்பேன். நீங்கள் எழுதியது, என் கையாலேயே கொடுக்கிறேன் என்று. பயந்தவர் செய்ததை என்னால் மன்னிக்க முடியும். என்னை நிம்மதியாகத் தூங்கச் சொல்லிவிட்டுச் செய்ததைத்தான் முடியவில்லை.

படப்பெட்டி வந்து சேர்ந்தது. தபால்காரரிடம் சொல்லிவிட்டதும் அனுப்பியதற்கு நன்றி. அதை வாப்பா கண்ணில் படாமல் வைக்க முயன்று மாட்டிக்கொண்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "ஊட்டுக்குள்ள வேணாமெண்டுதான் நான் சொன்னது மகன். ஒரு மனுசன் கையில எல்லாத்தையும் குடுக்கச் சொல்லல்லயே. அதுகள்ட முகம், அதுகள்ட கையில குடுக்கத் தெரியாதா?" என்றார். இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறியலுக்கு றஷீனாவின் தம்பியை அனுப்பிவிட்டு, பெட்டியோடு உங்கள் தோட்டத்து லயங்களுக்கு வந்தேன். நீங்கள் பங்களாவுக்குப் போயிருந்ததாகச் சொன்னார்கள். வாசல் வாசலாகப் போய் அவரவர் முகத்தை அவரவரிடம் கொடுத்தேன். பின்பக்க எழுத்தையெல்லாம் முதல்நாளே உட்கார்ந்து மை பூசி அழித்திருந்தேன். புகையில் கறுக்கும் என்று நாம் பயந்தோம். கறுக்கட்டும், அவர்கள் வீட்டுப் புகைதானே.

வேலாயியையும் பார்த்தேன். பேசினாள். படத்தைப் பற்றிப் பேசவில்லை. அதை நானும் எடுக்கவில்லை. பவளத்தின் கண்ணாடியைக் கிட்டங்கியில் தனியாகத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவளாகக் கேட்பாள். அன்றைக்குப் புதிதாக ஒன்று போட்டு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், கூட யாரும் இல்லாமல்.

இராக்கம்மா அண்ணி வாசலில் பிள்ளையோடு நின்று கூப்பிட்டார். பிள்ளை நன்றாக இருக்கிறான், நீண்ட ஆயுள் இருக்கட்டும். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் நான் அல்ல.

எல்லோரிடமும் கொடுத்தபின் பெட்டியில் மிஞ்சியது உங்கள் படம் ஒன்றுதான். துன்ஹிந்தவில் விழுந்து எழும்பி, சேறும் சிரிப்புமாகப் பாறையில் உட்கார்ந்திருந்தீர்களே, அது. இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் முகம், உங்களிடம் இருக்கட்டும். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அதன் கண்ணாடி கிட்டங்கியில் இருந்தது. கடையில் ஊசி, நூல் வைக்கும் பெட்டிக்கு ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து மாதக்கணக்காக அட்டைதான் அடைத்திருந்தது. உங்கள் கண்ணாடியை வெந்நீரில் சோடா கரைத்து ஊறவைத்துத் தேய்த்தேன். கால், கை, சிரிப்பு எல்லாம் ஒரே தோலாக உரிந்து வந்துவிட்டது. துடைத்துப் பொருத்தினேன், அளவு சரியாக இருக்கிறது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் அதன் வழியாகப் பார்த்து நூலின் நிறம் சொல்கிறார்கள்.

மு. ஜாபிர்